எந்த ஊருங்க?

என் அப்பா சந்தையில் எதைக் கையில் எடுத்தாலும் விலையைக் கேட்பதற்கு முன்னால் ஊரைத்தான் கேட்பார். “இது எந்த ஊருங்க?” என்று அவர் கேட்க, விற்பவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே தொண்டாமுத்தூர் என்றோ கிணத்துக்கடவு என்றோ சொல்வார், அப்பா தலையை ஒருமுறை ஆட்டிக்கொள்வார், அதன் பிறகுதான் விலைப் பேச்சு தொடங்கும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த சிறுவயதில் இந்தக் கேள்வி எனக்குப் பெரும் சலிப்பாக இருந்தது. கத்தரிக்காய்க்கு ஊர் எதற்கு என்று ஒருநாள் கேட்டும் விட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பஞ்சாலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை விடியலில் நேராகச் சந்தைக்கு வருகிறவர் அவர். தலைமுடியில் பஞ்சுத் துகள் ஒட்டியிருக்கும், கண்கள் சிவந்திருக்கும், ஆனாலும் ஒவ்வொரு கடையிலும் நின்று ஊரைக் கேட்டுவிட்டுத்தான் நகர்வார்.

இப்போது அவருக்கு எழுபத்து நான்கு வயது. முழங்கால் வலியால் மெல்லத்தான் நடக்க முடிகிறது. 2025 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் போகி, எங்கள் பக்கத்தில் காப்புக் கட்டும் நாள். அதற்கு மறுநாள் பொங்கல். வீட்டில் அம்மா எழுதிக் கொடுத்த சீட்டில் அரசாணிக்காய், அவரைக்காய், மொச்சை, மஞ்சள் கொத்து, பூளைப்பூ என்று ஐந்தாறு பொருள்கள்தான் இருந்தன. வடவள்ளிக் கடைகளிலேயே அவற்றை வாங்கியிருக்கலாம். “நாம் ரெண்டு பேரும் டவுனுக்கே போயிட்டு வரலாமா அம்மணி, ஒரு நாள் முழுக்க நடந்து பாக்கணும்” என்று அப்பா கேட்டபோது, அவருடைய நடைக்கு என் நடையைக் குறைத்துக்கொண்டு ஒரு பகல் முழுவதையும் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஆறு மணிக்கு முன்பாகவே கோவை இரத்தினசபாபதிபுரத்து உழவர் சந்தைக்கு வந்து சேர்ந்தோம். மார்கழிப் பனியில் மேற்கே மலை இருந்த இடமே தெரியவில்லை. சந்தைக்குள் மட்டும் வெளிச்சமும் பேச்சும் நிறைந்திருந்தன. உழவர் சந்தைத் திட்டத்தை அன்றைய முதல்வர் மு. கருணாநிதி 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கி வைத்தார். விளைவித்தவரே இடைத்தரகர் இல்லாமல் விற்க வேண்டும், கடைக்கு வாடகை இல்லை, தராசும் சந்தையே கொடுக்கும் என்பது அதன் ஏற்பாடு. விலையை மொத்த விலைக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு மேலாகவும் வெளிச் சில்லறை விலைக்கு ஏறத்தாழ 15 விழுக்காடு கீழாகவும் இருக்கும்படி அன்றன்று காலையில் முடிவு செய்து பலகையில் எழுதிவிடுகிறார்கள். விலைப் பேச்சுக்கு இடமே இல்லாத இந்தச் சந்தையில் அப்பாவின் கேள்விக்கு மட்டும் நிறைய இடம் இருந்தது. விற்பவர் விவசாயி என்பதால் அவருக்கு ஊர் மட்டுமன்றி, காடு, கிணறு, எத்தனை நாள் பயிர், எந்தப் பக்கத்து மழை என்று சொல்வதற்கு எல்லாமே இருந்தன.

சின்ன வெங்காயம் விற்ற ஒருவர் நரசீபுரத்தைச் சேர்ந்தவர். வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் அவருடைய காடு; விளைநிலத்தை எங்கள் பக்கத்தில் காடு என்றுதான் சொல்வோம். அறுவடை முடிகிற நேரத்தில் யானை வந்து போனதாகச் சொன்னார். வெங்காயத்தையா தின்றது என்று கேட்டேன். “வெங்காயத்தத் திங்காதுங்க, மிதிச்சுட்டுப் போயிருச்சு, பக்கத்துக் காட்டு வாழைக்குத்தான் அது வந்ததுங்க” என்றார். அவர் நிறுத்துப் போட்ட ஒரு கிலோ வெங்காயத்தில் செம்மண் அப்படியே ஒட்டியிருந்தது. பக்கத்தில் காரமடையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா கறிவேப்பிலையைக் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தார். காரமடையையும் மேட்டுப்பாளையத்தையும் சுற்றியுள்ள தோட்டங்களில் கறிவேப்பிலை ஒரு முழுப் பயிராகவே விளைகிறது. காய்கறிக் கடைகளில் நாம் இனாமாக எதிர்பார்க்கும் கொத்து ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் என்பதை அந்த அம்மாவின் எதிரே நின்றபோதுதான் உணர்ந்தேன். அன்றுமுதல் கறிவேப்பிலையை இனாமாகக் கேட்பதை விட்டுவிட்டேன்.

அரசாணிக்காயை அங்கேயே வாங்கினோம். பறங்கிக்காய், பூசணி என்று மற்ற ஊர்களில் வழங்குவதைக் கொங்குநாட்டில் நாங்கள் அரசாணி என்றுதான் சொல்கிறோம். பொங்கலன்று அவரையும் மொச்சையும் அரசாணியும் சேரவில்லை என்றால் எங்கள் வீட்டில் சமையல் முடிந்ததாகக் கணக்கில்லை.

சந்தையை விட்டு வெளியே வந்து திவான் பகதூர் சாலையில் நடந்தோம். நகராட்சித் தலைவராக இருந்த திவான் பகதூர் சி.எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் பட்டம் சாலைக்கும், பெயர் பகுதிக்கும் அமைந்திருக்கின்றன. எல்லோரும் சுருக்கி டி.பி. ரோடு, ஆர்.எஸ். புரம் என்று சொல்லிச் சொல்லி அவர் பெயர் இரண்டு எழுத்துகளுக்குள் ஒடுங்கிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோவையில் பிளேக் நோய் மீண்டும் மீண்டும் பரவியது. நெருக்கமான பழைய தெருக்களில் எலிகள் செத்து விழுந்தால் மக்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே கொட்டகை போட்டுத் தங்கினார்கள் என்று என் அப்பத்தா சொல்லியிருக்கிறார். நகரத்தின் பல இடங்களில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. நோயின் பெயரையே தாயின் பெயரோடு சேர்த்து வைத்து வணங்கிய அந்த மக்களின் பயத்தையும் நம்பிக்கையையும் அக்கோயில்களைக் கடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். ஆர்.எஸ். புரத்தின் நேரான அகலத் தெருக்களில் நடந்துவிட்டுப் பழைய நகரத்துக்குள் நுழைகிறவருக்கு, காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று ஒரு தலைமுறை ஏங்கியது ஏன் என்பது கால்களிலேயே புரியும்.

பூ மார்க்கெட்டை அடைவதற்கு முன்பே அதன் வாசனை வந்துவிடும் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் மேட்டுப்பாளையம் சாலையின் வாகனப் புகை அதற்கு இடம் கொடுப்பதில்லை. உள்ளே இரண்டு அடி வைத்த பிறகுதான் மரிக்கொழுந்தின் வாசனை எழுந்து வந்தது. மூட்டையைப் பிரித்து ஈரக் கோணிச் சாக்கின் மேல் கொட்டியிருந்த செண்டுமல்லி, கோழிக்கொண்டை, அரளி, சம்பங்கி, செவ்வந்தி ஆகியவற்றின் நடுவே நடப்பதற்கு ஒற்றையடிப் பாதை மட்டுமே இருந்தது. உதிரிப்பூவைக் கிலோக் கணக்கில் வாங்கிச் செல்லும் சில்லறைக் கடைக்காரர்கள் அவசரத்தில் எங்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மல்லிகை வைத்திருந்த கடைகளில் மட்டும் கூட்டம் பேசாமல் நின்றது, ஏனென்றால் விலை அப்படி இருந்தது. மார்கழிப் பனியில் மல்லிகைச் செடி அரும்பு விடுவது குறைந்துவிடுகிறது. விடுகிற அரும்பும் சிறுத்துப் போகிறது. அதே வேளையில் பொங்கலும் தை மாத முகூர்த்தங்களும் நெருங்கி வருகின்றன. வரத்து மிகக் குறைவாகவும் தேவை மிக அதிகமாகவும் இருக்கும் இந்தச் சில நாள்களில், கோடையில் கூவிக் கூவிக் கொடுக்கும் அதே பூ நகை போலத் தராசில் ஏறுகிறது.

“எந்த ஊருங்க?” என்றார் அப்பா. சத்தியமங்கலம் என்று பதில் வந்தது. மல்லிகைக்கு அந்தப் பதில்தான் வரும் என்பது அவருக்குத் தெரியும். அங்கே விடியலுக்கு முன்பே நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு பெண்கள் அரும்பு பறிக்கிறார்கள். வெயில் ஏறி மொட்டு விரிந்துவிட்டால் விலை இல்லை. பறித்த கைகள் இன்னும் காட்டில் இருக்கும்போதே பூ இங்கே தொடுக்கப்படுகிறது. சந்தையின் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து தொடுத்துக்கொண்டிருந்த பெண்களின் விரல்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர்கள் பேசிக்கொண்டே, பூவைப் பார்க்காமலே, வாழைநாரில் இரண்டு இரண்டாக அடுக்கி முடிச்சிட்டுக்கொண்டே போனார்கள். அதுவரை கிலோவாக இருந்த பூ அந்த விரல்களைக் கடந்ததும் முழமாக மாறுகிறது. ஒருவர் முழம் அளந்தபோது தன் முழங்கையை நீட்டி, அளவுக்கு மேலும் நாலு விரல் விட்டுக் கிள்ளினார். அந்த நாலு விரலைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. அம்மாவுக்கு இரண்டு முழம் வாங்கினோம். இந்த விலையில் மல்லிகையா என்று அவர் கடிந்துகொள்வார் என்பதால் வாழையிலையில் சுற்றிப் பையின் அடியில் வைத்தார் அப்பா.

வெளியே வந்ததும் ஒரு பேக்கரியில் உட்கார்ந்தோம். மற்ற ஊர்களில் டீக்கடை இருக்கும் முக்கிலெல்லாம் கோவையில் பேக்கரி இருக்கும். டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டுவிட்டு, அப்பா முழங்காலை நீவிக்கொண்டு, போகலாம் என்று எழுந்தார்.

சுக்கிரவார்பேட்டை வழியாக நடந்தோம். சுக்கிரவாரம் என்றால் வெள்ளிக்கிழமை, பேட்டை என்றால் சரக்கு வந்து இறங்கும் இடம். ஒரு காலத்தில் வெள்ளிதோறும் கூடிய சந்தையின் பெயர் அந்தப் பகுதிக்கு நிலைத்துவிட்டது என்பது அப்பாவின் எண்ணம். அங்கிருந்து ரங்கே கவுடர் வீதிக்குள் நுழைந்தால், மளிகை மொத்தக் கடைகளில் பல ஞாயிறு என்பதால் பூட்டிக் கிடந்தன. பொங்கலை முன்னிட்டு ஒன்றிரண்டு கடைகளில் மட்டும் பாதிக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். கடைகள் பூட்டியிருந்தாலும் வாசனை பூட்டப்படவில்லை. மிளகாய் நெடியைத் தாண்டினால் புளி, புளியைத் தாண்டினால் கொத்தமல்லி என்று கண்ணை மூடிக்கொண்டே கடைகளைச் சொல்லிவிடலாம். வார நாள்களில் லாரிகளுக்கும் மூட்டை ஏற்றிய வண்டிகளுக்கும் நடுவில் கால் வைக்க இடமில்லாத அந்த வீதியில் அன்று நடுவழியில் நின்று மேலே நிமிர்ந்து பார்க்க முடிந்தது. பழைய ஓட்டுக் கட்டடங்களின் மாடி மரத்தூண்களும், கம்பி வேலைப்பாடு கொண்ட பலகணிகளும் எத்தனையோ ஆண்டுகளாக அங்கே இருந்திருக்கின்றன. அவற்றை நான் பார்த்தது அன்றுதான்.

திறந்திருந்த ஒரு கடையின் வாசலில் அச்சு வெல்லம் அடுக்கியிருந்தது. சித்தோடு வெல்லம் என்றார் கடைக்காரர். ஈரோட்டுக்கு அருகிலுள்ள சித்தோட்டில் வெல்லத்துக்கென்றே வாரச்சந்தை கூடுகிறது. நாட்டுச் சர்க்கரைக்குக் கவுந்தப்பாடி. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் அங்கிருந்துதான் சர்க்கரை போகிறது. விரலி மஞ்சளுக்கு ஈரோடு. 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற மஞ்சள் அது. வெண்ணெய்க்கு ஊத்துக்குளி, தேங்காய்க்குப் பொள்ளாச்சி. அப்பா ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டே வந்தபோது, கொங்கு இருபத்து நான்கு நாடு என்று பழம்பாடல்களில் எண்ணி வைத்த பரப்பு முழுவதும் இந்த ஒரு வீதியின் மூட்டைகளில் எழுதப்பட்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. பள்ளியில் வரைபடத்தில் புள்ளி வைத்துப் படித்த எந்த ஊரும் என் மனத்தில் நிற்கவில்லை. வெல்லத்தையும் மஞ்சளையும் முகர்ந்து படித்த ஊர்கள் நிற்கின்றன.

தியாகி குமரன் மார்க்கெட்டுக்குள் நாங்கள் போனபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. சென்னிமலையில் பிறந்து, திருப்பூரில் கொடியோடு ஊர்வலம் போய், காவல்துறையின் தடியடியில் விழுந்து, 1932 ஜனவரி 11 அன்று உயிர்விட்ட குமரனின் நினைவுநாள் அதற்கு முந்தைய நாள்தான் கடந்திருந்தது. இருபத்தெட்டு வயதுகூட நிறையாத இளைஞர் அவர். கொங்குநாட்டில் அவர் பெயரைச் சொல்லாமல் தேங்காய்கூட வாங்க முடியாது என்பது எனக்கு ஒரு நிறைவு. காய் வாங்க வருகிற ஒவ்வொருவரும் “குமரன் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வர்றேன்” என்று சொல்லும்போது அந்தப் பெயர் பொழுதுக்கும் வாயில் வாழ்கிறது.

இங்கே கேரட்டும் பீன்ஸும் முட்டைக்கோசும் மலையிலிருந்து இறங்கி, மேட்டுப்பாளையம் மண்டிகளில் கைமாறி வருகின்றன. வயதானவர்கள் இவற்றை இன்றும் இங்கிலீஷ் காய் என்றுதான் சொல்கிறார்கள். இதே பழைய நகரத்தில் சலீவன் வீதி என்று ஒரு தெரு இருக்கிறது. கோயமுத்தூர் கலெக்டராக இருந்து உதகையை உருவாக்கிய ஜான் சல்லிவனின் பெயர் அது. மலையில் அந்த அயல்நாட்டுக் காய்களைப் பயிரிட்டுப் பார்த்தவர்களில் அவர் முன்னோடி. நீலகிரி அப்போது கோயமுத்தூர் மாவட்டத்துக்குள் இருந்தது; 1868 இல்தான் தனியே பிரிந்தது. மாவட்டம் பிரிந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னும் கேரட் அதே மலைப்பாதையில் இறங்கி, அதே நகரத்துக்குத்தான் வருகிறது.

மார்க்கெட்டுக்குள் இருப்பதைவிட அதன் வெளியோரத்தில் தரையில் விரித்திருந்த சாக்குகளின் முன்னால்தான் நாங்கள் அதிக நேரம் நின்றோம். அங்கே தராசு இல்லை; எல்லாம் கூறு. எலுமிச்சையில் ஒரு கூறு, பச்சை மிளகாயில் ஒரு கூறு, பிஞ்சுக் கத்தரியில் ஒரு கூறு. கூறு கட்டுவது ஒரு நுணுக்கமான வேலை: பெரியதை மேலேயும் சொத்தையை அடியிலும் வைத்துவிட்டால் அந்த வாடிக்கையாளர் மறுவாரம் வரமாட்டார் என்பது விற்பவருக்குத் தெரியும், ஆகையால் நல்லதும் சுமாரானதும் எல்லாக் கூறுகளிலும் சரிசமமாகக் கலந்திருக்கும். இதை நான் நியாயத்தின் ஒரு வடிவமாகவே பார்க்கிறேன். சந்தையில் முழுக் கிலோ வாங்க முடியாத வீட்டுக்கும், தனியாக வாழும் முதியவருக்கும், ஒருவேளைக் குழம்புக்கு மட்டும் கையில் காசு வைத்திருப்பவருக்கும் கூறு இருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் எடை ஒட்டிக் குளிர்பெட்டியில் அடுக்கிய காய்கறிக்கு இந்தக் கணக்குத் தெரியாது. சாலையோர வியாபாரிகளை இடைஞ்சல் என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது; நடப்பவர்களுக்கு அகலமான நடைபாதையும் அதன் ஓரத்தில் இவர்களுக்கு நாலடி இடமும் கொடுத்தால் இருவருக்கும் போதும்.

கீரைக்காரப் பாட்டியிடம் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் கலந்து கிடந்தன. யாரும் விதைக்காமல் சோளக்காட்டிலும் வரப்பிலும் தானாக முளைப்பவை அவை. “எந்த ஊருங்க ஆத்தா?” என்று கேட்டார் அப்பா. பாட்டி தன் ஊரைச் சொல்லாமல், “உங்களுக்கு எந்த ஊருங்க?” என்று திருப்பிக் கேட்டார். அப்பா செஞ்சேரிமலைப் பக்கத்தில் தான் பிறந்த ஊரைச் சொன்னதும், அந்தப் பக்கத்தில் தனக்கு உறவு இருப்பதாகப் பாட்டி சொல்ல, இருவரும் வானம் பார்த்த பூமி, வற்றிய கிணறு, மில் வேலைக்காக ஊரைவிட்டு வந்தவர்கள் என்று பேசத் தொடங்கினார்கள். நான் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். பைக்காரா மின்சாரம் 1932 இல் வந்த பிறகு கோவையில் பஞ்சாலைகள் பெருகின என்பதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்த ஆலைகளின் சங்கு எத்தனை சோளக்காடுகளிலிருந்து ஆட்களை இழுத்து வந்தது என்பதை அந்த அரைமணி நேரப் பேச்சில் கேட்டேன். ஊரை விட்டு வந்த ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை தன் ஊரின் பெயரை யாராவது சொல்லக் கேட்பதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. சிறுவயதில் அவர் பதில் சொல்லாமல் விட்ட என் கேள்வி அப்போது நினைவுக்கு வந்தது.

கோனியம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றபடியே கும்பிட்டோம். மாசியில் அம்மன் தேர் ஓடும் ராஜ வீதியில் தேர்நிலைத் திடல் வெறுமையாக இருந்தது. விக்டோரியா அரசியின் பொன்விழா நினைவாக எழுப்பப்பட்டு 1892 முதல் நிற்கும் டவுன்ஹால் கட்டடத்தின் எதிரே, ஒப்பணக்கார வீதியின் இருபுறமும் துணி, செருப்பு, கோலப்பொடி, பொங்கல் பானை என்று நடைபாதைக் கடைகள் நெருங்கிக் கிடந்தன. கோலப்பொடி விற்றவர் ஒவ்வொரு நிறத்தையும் கூம்பாகக் குவித்து வைத்திருந்தார். கோட்டை இல்லாமல் பெயர் மட்டும் தங்கிய கோட்டைமேட்டின் தெருக்களில் வெயில் ஏறும் நேரத்தில் நடந்தோம். ஈசுவரன் கோயில் மணியும் பள்ளிவாசலின் தொழுகை அழைப்பும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும் அளவுக்கு அருகருகே அமைந்த தெருக்கள் அவை.

உக்கடம் பெரியகுளத்தின் கரையை அடைந்தபோது அப்பா முற்றிலும் களைத்திருந்தார். நொய்யல் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, ஒன்று நிறைந்தால் மற்றொன்றுக்கு என்று தொடராக அமைத்த குளங்களில் இதுவும் ஒன்று. இப்போது கரையில் நடைபாதையும் இருக்கைகளும் போட்டிருக்கிறார்கள்; 2024 ஆகஸ்டில் திறந்த மேம்பாலத்தில் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. நிழலான இருக்கை ஒன்றில் உட்கார்ந்து, குளத்தில் கூழைக்கடா ஒன்று இறங்குவதைப் பார்த்தபடி, வீட்டிலிருந்து கொண்டுவந்த அரிசிம்பருப்புச் சாதத்தைச் சாப்பிட்டோம். “முன்ன இங்க உக்காந்து சாப்பிட முடியாதும்மணி, நாத்தம் தாங்காது” என்றார் அப்பா. சாக்கடை இன்னும் முழுவதுமாக நிற்கவில்லை. காற்று திரும்பும்போது தெரிந்தது. இருந்தாலும் தண்ணீரின் எதிரே உட்கார ஓர் இடம் இருந்தது.

பேருந்து நிலையத்துக்குத் திரும்பும் வழியில்தான் சீட்டில் இருந்த கடைசிப் பொருள் நினைவுக்கு வந்தது. ஒரு பெண் சுவரோரமாக உட்கார்ந்து பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துச் சிறு சிறு கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். மார்கழியின் கடைசி நாளில் வீட்டு நிலைவாசலிலும் மாட்டுப்பட்டியிலும் காட்டு மூலையிலும் செருகுகிற காப்பு அது. பூளைக்கு உழவு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். உழாமல் விட்ட தரிசில் வெள்ளையாகத் தானே பூத்து நிற்கும். அப்பா வழக்கம்போல ஊரைக் கேட்டார்.

“சூலூருக்கு அந்தப்பக்கமுங்க. முன்னெல்லாம் ஊட்டுக்குப் பின்னாடியே அறுத்துக்குவோம். இப்ப அங்கெல்லாம் சைட்டுப் போட்டுட்டாங்க. ரெண்டு பஸ் மாறிப் போயி அறுத்துட்டு வந்தனுங்க.”

அப்பா தலையை ஆட்டவில்லை. விலையும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு இரண்டு கட்டுப் போதும் என்று தெரிந்தும் ஆறு கட்டு வாங்கினார். பேருந்தில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணயர்ந்துவிட்டார். வண்டி குலுங்கும்போதெல்லாம் பூளையின் வெண்பஞ்சு உதிர்ந்து, ஆலையிலிருந்து வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் போலவே, அவர் வேட்டியிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டது.